காய்ச்சலும் பாய்ச்சலும்: வெடிக்கும் களிமண்ணின் வெப்ப இயக்கவியல்

உளுந்து எடுத்த பிறகு, சித்திரைக் கடைசியில், சீர்காழி வட்டாரத்துக் களிவயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில இடங்களில் முழங்கை வரை கை உள்ளே போகும். மேட்டூர் அணை திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்ததும், முதல் மடை நீர் வயலில் பரவுவதில்லை; வெடிப்பில் இறங்கி மறைந்துவிடும். அதே வயல் ஐப்பசியில் வேறு ஆளாகிவிடுகிறது. 2022 நவம்பர் 12 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியது, சம்பா மூழ்கியது. வெள்ளத்துக்குக் காரணம் மழையும் வடிகாலும்தான், மண் அல்ல. ஆனாலும் கோடையில் மடை மடையாகக் குடித்த மண், அப்போது மேலே நின்ற நீரை உள்ளே விடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மண் மாறவில்லை, துளைகள் மாறிவிட்டன.

நம் பாசனக் கணக்குகள் மண்ணை ஒரு பாத்திரமாக வைத்துக்கொண்டு எழுதப்படுகின்றன: இவ்வளவு கொள்ளளவு, இவ்வளவு நிரம்பியிருக்கிறது, மீதிக்கு இவ்வளவு தண்ணீர். டெல்டாவின் களத்தூர், ஆதனூர் மண்வகைகள் போன்ற கருங்களிகளுக்கு இந்தக் கணக்கு அடிப்படையிலேயே பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவை நெகிழும் நுண்துளைப் பொருள்கள். உள்ளே வரும் நீர் துளையை நிரப்புவதோடு நிற்பதில்லை, துளையையே ஆக்குகிறது.

பரப்புக் கவர்ச்சி பற்றிய பழைய கோட்பாடு திடப்பொருளை அசையாத சாட்சியாகவே வைத்திருந்தது. அது சரியல்ல என்பது 1930 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. ஆவியை ஏற்கும் மரக்கரி விரிவதை பாங்கம் அளந்து காட்டினார். பின்னர் உலோக-கரிமச் சட்டகங்கள் என்ற நுண்துளைப் பொருள்கள் வந்தன. ஃபெரேயின் குழு 2002-இல் வெளியிட்ட எம்.ஐ.எல்-53 என்ற சட்டகம் நீரை ஏற்றதும் சுருங்கும், சூடாக்கி நீரை விரட்டினால் விரியும். 2025 வேதியியல் நோபல் பரிசு கிடாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் இத்துறைக்காகவே வழங்கப்பட்டது. ஆய்வகத்தில் வியப்பைத் தந்த இந்த 'மூச்சுவிடும்' இயல்பு நம் வயல்களில் ஆண்டுதோறும் நடக்கிறது என்பதை மண்ணியலார் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

டெல்டாக் களியின் முக்கியக் கனிமம் ஸ்மெக்டைட். ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள ஏடுகள். ஏடுகளுக்கு நடுவே கால்சியமும் சோடியமும். நீர் அங்கே படிப்படியாக நுழைகிறது. ஓரடுக்கு நீர் புகுந்தால் ஏட்டிலிருந்து ஏட்டுக்கு உள்ள தூரம் சுமார் 1.25 நானோமீட்டர், ஈரடுக்குக்கு 1.55, மூவடுக்குக்கு 1.9. இடைப்பட்ட தூரங்களில் அது நிலைத்து நிற்பதில்லை. ஏட்டைப் பிரிக்க ஆகும் ஆற்றலையும், அயனி நீரைப் பற்றும்போது கிடைக்கும் ஆற்றலையும் கூட்டிப் பார்த்தால் கட்டிலா ஆற்றலில் தனித்தனிப் பள்ளங்கள் தெரியும், நடுவே மேடுகள். மேட்டைத் தாண்டத்தான் தயக்கம். அதனால் நனையும் பாதையும் காயும் பாதையும் ஒன்றாக இருப்பதில்லை.

இங்கே எதை நாம் நிர்ணயிக்கிறோம், எது தானாக அமைகிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். களியின் அளவு மாறாது. வெப்பநிலை, மேலே உள்ள பாரம், நீரின் ஆற்றல் நிலை (பள்ளிப் பாடநூலில் 'நீரியல் திறன்') ஆகியவை வெளியிலிருந்து வருகின்றன. கனஅளவும் நீரளவும் அவற்றுக்கு மண் தரும் பதில். 2008-இல் கூடேரும் உடன் ஆய்ந்தோரும் நெகிழும் சட்டகங்களுக்குக் கையாண்ட அமைப்பும் இதுவே. பாத்திரக் கணக்கு தலைகீழ். அது கனஅளவை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது.

எண்ணில் பார்ப்போம். 30 டிகிரி செல்சியஸில், ஈரப்பதம் 50 விழுக்காடாக உள்ள பிற்பகல் காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரின் நீரியல் திறன் சுமார் −97 மெகாபாஸ்கல். பயிர் மீளாமல் வாடும் எல்லை என்று வைத்திருக்கும் −1.5 மெகாபாஸ்கலோ 99 விழுக்காடு ஈரப்பதத்துக்குச் சமம். அதாவது பயிர் வாழும் எல்லை முழுவதும் அந்தக் கடைசி ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே பயிர்க்காலத்தில் மண் சுருங்குவது பெரும்பாலும் ஏட்டுக் கட்டுகளுக்கு இடையிலுள்ள பெரிய துளைகளில். ஏட்டிடை அடுக்குகள் அப்போது அவ்வளவாகக் குலைவதில்லை. கோடையில் காற்றுப்பட்ட மேலோட்டில்தான் ஓரடுக்கு, ஈரடுக்கு அளவுக்குக் காய்ச்சல் போகும். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பல கட்டுரைகளில் காணும் பிழை.

பாத்திரக் கணக்கு பொருந்தாது என்பதற்கு, இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹெய்ன்ஸ் 1923-இல் காட்டிய ஒரு செய்தி வலுவான சான்று. ஈரக்களி காயத் தொடங்கும்போது, இழந்த நீரின் கனஅளவுக்குச் சரியாக மண்ணும் சுருங்குகிறது. காற்று உள்ளே நுழைவதில்லை. நீரை இழந்துகொண்டே நிறைவுற்ற மண்ணாகவும் அது இருக்கிறது. எந்தப் பாத்திரத்துக்கும் இது முடியாது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த ஒரு களிக்கட்டியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தண்ணீர் டம்ளரில் போடுங்கள். குமிழி விட்டு, ஓரம் உதிர்ந்து, சில நிமிடங்களில் சேறாகச் சரியும். மறு பாதியை ஈரத்துணியில் வைத்து இரவு முழுதும் மெல்ல ஊறவிட்டு, காலையில் அதே டம்ளரில் இறக்குங்கள். பெரும்பாலும் முழுசாக நிற்கும். மண்ணும் நீரும் அவையேதான், வந்த வழிதான் வேறு. முதல் பாதியில் நீர் வெளியிலிருந்து அடைக்க, உள்ளே சிக்கிய காற்று அழுந்தி வெடித்தது. மேலோடு வீங்க, உள்ளே காய்ந்தபடியே இருந்தது. முடிவு நிலையை மட்டும் பார்க்கும் கணக்கில் இந்த வேறுபாடு விழவே விழாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவுக்கு வருகிறேன். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும்போது இரண்டு அடையாளங்கள் வழக்கில் உள்ளன. வயலில் பதித்த துளைக்குழாயில் நீர்மட்டம் தரையிலிருந்து 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சுவது ஒன்று. மயிரிழை வெடிப்பு விழுந்ததும் 2.5 செ.மீ. கட்டுவது மற்றொன்று. கருங்களிக்கு இரண்டாவதே மேல் என்பது என் கருத்து. குழாய் காட்டுவது நீர் நிற்கும் மட்டத்தை. மயிரிழை காட்டுவது மண்ணின் நிலையை. சேற்றுழவில் உண்டான அடித்தட்டு, வெடிப்பு ஆழமானால், பிளந்துவிடும். பிறகு நீர் கட்டினாலும் அது முழுதாகக் கூடாது. தண்ணீர் அந்த வழியே கீழே ஓடிக்கொண்டிருக்கும். பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் வெடித்த வயல்களில் அளந்தபோது, நிலத்தை ஊறவிடும் நீரில் பெரும் பங்கு இவ்வாறு வெடிப்பு வழியே போவதைக் கண்டார்கள். மேலாக ஒரு கோடை உழவு போட்டு வெடிப்பின் வாயைப் புழுதியால் அடைத்தால் அந்த இழப்பு குறைந்தது. நம்மூரில் கோடை உழவைக் களைக்காகவும் பூச்சிக்காகவும் பரிந்துரைக்கிறார்கள். வெடிப்பை அடைக்கும் பயனே இந்த மண்ணில் முதலில் சொல்லப்பட வேண்டியது.

கடலோரத்துக்கு இன்னொன்று உண்டு. கால்சியம் நிறைந்த ஏடுகள் மூவடுக்கோடு நின்றுவிடும். சோடியம் நிறைந்தவை நிற்பதில்லை. உப்பு அடர்த்தி குறையும்போது ஏட்டிடைத் தூரம் சுமார் 2 நானோமீட்டரிலிருந்து ஒரே தாவாக 4-க்குப் போய், மேலும் விரிந்துகொண்டே போவதை நோரிஷ் 1954-இல் அளந்தார். கடல்நீர் புகுந்த வயல் உப்போடு இருக்கும்வரை கட்டுக்கோப்பாகத் தெரிவது இதனால்தான். ஆற்றுநீர் வந்து உப்பைக் கழுவும்; ஏட்டில் ஒட்டிய சோடியம் மட்டும் அப்படியே தங்கும். அப்போது களி வீங்கிக் கலைந்து துளையை அடைக்கிறது. கெடுதல் நல்ல தண்ணீரோடு வருவதுபோல் விவசாயிக்குத் தோன்றுவதில் தவறில்லை, உண்மையில் நடப்பதும் அதுவே. 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்திய சீரமைப்பில் ஜிப்சம் பேசப்பட்டபோது ஏக்கருக்கு எவ்வளவு என்பதே பெரிதாகக் கேட்கப்பட்டது. எப்போது என்பதும் அதே அளவு முக்கியம். திருமுல்லைவாசல் பக்கத்துக் களியில் அடுத்த முறை கடல் ஏறினால், ஜிப்சம் முதல் நன்னீருக்கு முன்னால் வயலில் இருக்க வேண்டும். வாய்க்காலைத் திறந்து உப்பைக் கழுவிய பின் போடும் ஜிப்சம், ஏற்கெனவே அடைபட்ட துளைக்குள் இறங்க வழியின்றி மேலேயே நிற்கும்.