ஈயக் கண்ணாடியும் புல்மோட்டை மணலும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை கருமணலாற் போர்க்கப்பட்டுக் கிடக்கின்றது. அம்மணலின் பெரும்பகுதி, இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த இல்மனைற்று ஆகும். உரூற்றைல், சிர்க்கன் என்னுங் கனிப்பொருள்களும் அதனுடன் கலந்துள்ளன. ஒளியியற் கண்ணாடியில் ஈயம் நெடுங்காலம் வகித்த இடத்தை இன்று பெற்றுள்ள பொருள்களுள் தைத்தானியமும் ஒன்று. ஆதலின் ஈயக் கண்ணாடியின் வரலாறு ஈழத்து மாணவர்க்குத் தொலைவான செய்தியன்று.

1674 ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து ஜோர்ஜ் றேவன்ஸ்குறோவ்ற் என்பார் தெளிந்த கண்ணாடி செய்யும் முறைக்கு அரச உரிமை பெற்றார். அவருடைய முதற் பாத்திரங்கள் நுண்வெடிப்புற்று மங்கின. ஈய ஒட்சைட்டைச் சேர்த்து அக்குறையை அவர் நீக்க முயன்றார். தொடக்கத்திற் சிலிக்காவுக்காகத் தீக்கல்லைப் பொடித்திட்டமையால் இது பிளின்ற் கண்ணாடி எனப்பட்டது. பின்னர் மணலே இடப்பட்டபோதும் பெயர் நிலைத்தது.

உணவு மேசைக்கெனப் பிறந்த இக்கண்ணாடி விரைவில் வானியலுக்குத் துணையாயிற்று. வில்லையினூடு செல்லும் ஒளி நிறங்களாகப் பிரிதலைத் தவிர்த்தல் இயலாதெனக் கருதிய நியூற்றன், 1668 இல் ஆடித் தொலைநோக்கியை அமைத்தார். 1730 களில் செஸ்ரர் மூர் ஹோல் என்னும் வழக்கறிஞர், கிரௌன் கண்ணாடியாலான குவிவில்லையோடு பிளின்ற் கண்ணாடியாலான குழிவில்லையை இணைத்து நிறப்பிழையைப் பெரிதுங் குறைத்தார். யோன் டொலண்ட் 1758 இல் இதற்கு உரிமை பெற்றார். கிரௌனின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.52, பிளின்றினது 1.62. நிறங்களைப் பிரிக்கும் வலுவிலோ பிளின்ற் ஒன்றேமுக்கால் மடங்கு மிக்கது. ஆகவே நிறங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, ஒளியைக் குவிக்கும் ஆற்றல் எஞ்சுகின்றது.

இப்பண்புகளுக்குக் காரணம் கண்ணாடியின் அமைப்பேயாம். ஒரு சிலிக்கன் அணுவை நான்கு ஒட்சிசன் அணுக்கள் சூழ்ந்த நான்முகிகள் மூலைகளால் இணைந்து, ஒழுங்கற்ற வலையாக விரிகின்றன என 1932 இற் சக்கரியாசன் விளக்கினார். சிறிதளவு ஈயம் அவ்வலையின் பிணைப்புக்களை அறுக்கின்றது. பேரளவிற் சேருமிடத்துத் தானே வலையின் உறுப்பாகின்றது. ஈய ஒட்சைட்டு எடையில் முக்காற் பங்களவு சேர்ந்தும் கண்ணாடி உருவாதல் இதனாலேயே. ஈய அயனின் இலத்திரன் முகில் பெரிது. ஒளியின் மின்புலத்தால் எளிதில் இளகுவது. எனவே ஒளியின் வேகம் அதனுட் குறைந்து, முறிவுச் சுட்டி உயர்கின்றது.

எனினும் ஈயம் நஞ்சு. 1990 களில் ஒளியியற் கண்ணாடி செய்வோர் ஈயத்தை நீக்கித் தைத்தானியம், நையோபியம் முதலியவற்றின் ஒட்சைட்டுக்களை நாடினர். 1.805 என்னும் ஒரே முறிவுச் சுட்டியை, நீரினும் 5.2 மடங்கு அடர்த்தியுள்ள ஈயக் கண்ணாடி தந்தது; அதனை 3.4 மடங்கு அடர்த்தியுள்ள புதிய கண்ணாடியும் தருகின்றது. ஆயினும் ஊதா ஒளியைக் கடத்துவதில் ஈயக் கண்ணாடியே சிறந்ததாகலின் சில கருவிகளில் அது இன்னும் வழங்குகின்றது.

புல்மோட்டை மணலைப் பயன்கொள்ள 1957 இல் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அதன்பின் பல்லாண்டுகளாக இல்மனைற்று மூலப்பொருளாகவே கப்பலேறிற்று. அதிலுள்ள இரும்பைக் களைந்தாலன்றித் தூய தைத்தானிய ஒட்சைட்டு கிடையாது. இரும்பு சிறிதளவு எஞ்சினும் கண்ணாடி நிறமேறிக் கெடும். அத்தூய்மையாக்கலே மணலுக்கும் வில்லைக்கும் இடைப்பட்ட தொலைவு.

அயல்நாடாகிய இந்தியா, 1950 இற் கல்கத்தாவில் திறந்த கண்ணாடி, மட்பாண்ட ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலாக ஒளியியற் கண்ணாடியைத் தானே ஆக்கக் கற்றது. வேண்டிய சிலிக்கா மணல் நாத்தாண்டியாவிலும் வடமராட்சி கிழக்கிலும் இருக்க, தைத்தானியம் புல்மோட்டையில் இருக்க, இத்தீவுக்கு இல்லாதது பொருளன்று. பொருளைத் தூய்மையாக்கும் இரசாயனப் பயிற்சியே. அதனை வளர்த்தல் நம் கல்லூரிகளின் ஆய்வுகூடங்களிலே தொடங்க வேண்டிய பணியாகும்.