ஸ்ரீபுரந்தான் நடராசர் சிலை

ஸ்ரீபுரந்தான் நடராசர் சிலை என்பது தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலுக்குரிய சோழர் காலச் செப்புத் திருமேனி ஆகும். இது கி.பி. 11-12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. 2006ஆம் ஆண்டில் களவாடப்பட்ட இச்சிலை, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் விலைக்கு வாங்கப்பட்டு, 2014இல் இந்தியாவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. களவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கோயிலில் எடுக்கப்பட்டிருந்த ஒளிப்படங்கள் இம்மீட்புக்கு முதன்மைச் சான்றாக அமைந்தன. கோயில்களை நேரில் சென்று ஆவணப்படுத்துவதன் பயனை விளக்க இந்நிகழ்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

அமைப்பு

நான்கு அடிக்குச் சற்று மேற்பட்ட உயரம் கொண்ட இத்திருமேனியில், சிவபெருமான் முயலகன் மீது வலக்காலை ஊன்றி, இடக்காலைத் தூக்கி ஆடும் ஆனந்த தாண்டவ நிலையில் காட்டப்பட்டுள்ளார். சுற்றிலும் தீக்கொழுந்துகள் கொண்ட திருவாசி உள்ளது.

சோழர் காலத் திருமேனிகள் மெழுகுக் கரு முறையில் வார்க்கப்பட்டவை. மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். உலோகம் ஆறியபின் மண் கருவை உடைத்தே திருமேனியை வெளியே எடுக்க இயலும். இதனால் ஒரு கருவிலிருந்து ஒரு திருமேனி மட்டுமே கிடைக்கும். இரு நடராசர் திருமேனிகள் தொலைவிலிருந்து ஒன்றுபோலத் தோன்றினாலும் திருவாசிக் கொழுந்துகளின் எண்ணிக்கை, சடையின் விரிவு, அணிகள், தேய்மானம், உடைந்த பகுதிகள் ஆகியவற்றில் வேறுபடும். ஒளிப்படத்தைக் கொண்டு ஒரு சிலையை அடையாளம் காண இவ்வேறுபாடுகளே உதவுகின்றன.

கோயிலும் களவும்

நடராசருக்கு ஆண்டுக்கு ஆறு முறை திருமுழுக்கு நடைபெறுவது சிவன் கோயில் மரபு. இவற்றுள் மார்கழித் திருவாதிரையும் ஆனித் திருமஞ்சனமும் சிறப்பானவை. விழா நிகழும் கோயிலில் உற்சவத் திருமேனிகள் இருக்கின்றனவா என்பதை ஊரார் குறிப்பிட்ட கால இடைவெளியில் கண்ணால் காண்கின்றனர். ஸ்ரீபுரந்தான் கோயிலில் வழிபாடு நின்று, கோயில் பூட்டிக் கிடந்தமையால் இந்த இயல்பான கண்காணிப்பும் நின்றுபோயிற்று.

2006இல் நிகழ்ந்த களவு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. பாதுகாப்பு கருதித் திருமேனிகளை வேறிடத்துக்கு மாற்றுவதற்காக 2008இல் அலுவலர்கள் கோயிலைத் திறந்தபோதே எட்டுத் திருமேனிகள் காணாமற்போனது தெரியவந்தது. அதற்கு முன்பே, 2008 பெப்ரவரியில், நியூயார்க் நகரக் கலைப்பொருள் வணிகர் சுபாசு கபூரிடமிருந்து கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் நடராசரை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. சிலை 1970ஆம் ஆண்டளவிலேயே தனியார் ஒருவரால் தில்லியில் வாங்கப்பட்டு இந்தியாவை விட்டு வெளியேறியது என்று காட்டும் போலி ஆவணங்கள் அவ்விற்பனையின்போது தரப்பட்டன. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்துக்கு முன்பே சிலை வெளியேறியதாக நம்பவைப்பதே இவ்வாண்டைக் குறிப்பிட்டதன் நோக்கமாகும்.

ஒளிப்பட ஆவணம்

புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது. 1956 முதல் அதன் ஆய்வாளர்களும் ஒளிப்படக் கலைஞர்களும் தென்னிந்தியக் கோயில்களுக்கு நேரில் சென்று கட்டடம், கற்சிற்பம், செப்புத் திருமேனி முதலியவற்றைப் படமெடுத்து, ஊர்வாரியாகத் தொகுத்து வந்தனர். இத்தொகுப்பில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன. பெருங்கோயில்களோடு, பயணிகள் அதிகம் செல்லாத சிற்றூர்க் கோயில்களும் இதில் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

ஸ்ரீபுரந்தான் கோயிலில் 1994இல் எடுக்கப்பட்ட படங்களில் இந்நடராசர் இருப்பது அடையாளம் காணப்பட்டது. 1994இல் கோயிலுக்குள் இருந்த சிலை 1970இல் வெளிநாடு சென்றிருக்க இயலாது. இதனால் விற்பனை ஆவணங்கள் போலி என்பது உறுதியாயிற்று.

இவ்வூர் 1994இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், களவு நடந்த 2006இல் பெரம்பலூர் மாவட்டத்திலும் இருந்தது. 2007 நவம்பரில் அரியலூர் தனி மாவட்டமானபின் அதன் பகுதியாயிற்று. இப்பகுதிக் கோயில்கள் குறித்த பழைய பதிவுகளைத் தேடுவோர் இம்மூன்று மாவட்டப் பெயர்களையும் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது.

மீட்பு

தமிழ்நாடு காவல்துறையின் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு மேற்கொண்ட விசாரணையைத் தொடர்ந்து கபூர் 2011 அக்டோபரில் செருமனியின் பிராங்க்பர்ட் நகரில் கைது செய்யப்பட்டு, 2012 சூலையில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2014 மார்ச்சில் இந்திய அரசு சிலையைத் திருப்பித் தருமாறு ஆஸ்திரேலிய அரசிடம் முறைப்படி கோரியது. அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் புதுதில்லியில் இதனை இந்தியப் பிரதமர் நரேந்திர மோதியிடம் ஒப்படைத்தார். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலைச் சேர்ந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் அவருடன் வந்தது. அச்சிலையை நியூ சவுத் வேல்சு கலைக்கூடம் வாங்கியிருந்தது. நடராசர் திருமேனி கும்பகோணம் நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தப்பட்டபின் அந்நகரிலுள்ள உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டது.

ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன உமா பரமேசுவரி திருமேனி சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்திலும், பிள்ளையார் திருமேனி அமெரிக்காவின் டொலிடோ கலை அருங்காட்சியகத்திலும் கண்டறியப்பட்டு, பின்னர் இந்தியாவுக்குத் திருப்பித் தரப்பட்டன. இதே மாவட்டத்தின் உடையார்பாளையம் வட்டத்திலுள்ள சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் களவு வழக்கில் கபூருக்கு 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

ஆவணப்படுத்தலில் கவனிக்கத்தக்கவை

தமிழ்நாடு இந்து சமய, அறநிலையக் கொடைகள் சட்டம், 1959இன்படி ஒவ்வொரு கோயிலும் பேணவேண்டிய சொத்துப் பதிவேட்டில், வழிபாட்டுக்கும் ஊர்வலத்துக்கும் உரிய திருமேனிகளின் விவரமும் இடம்பெற வேண்டும். எனினும் 'நடராசர் - 1' என்பது போன்ற குறிப்பு, வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் உள்ள சிலை அதுவே என மெய்ப்பிக்கப் போதுமானதன்று.

விழாக் காலப் படங்களுக்கும் வரம்பு உண்டு. உலாவரும் திருமேனி பட்டு, மாலை, அணிகலன்களால் மூடப்பட்டிருப்பதால் முகம் தவிர்ந்த பகுதிகள் பெரும்பாலும் தெரிவதில்லை. அலங்காரம் களைந்த நிலையில் முன், பின், பக்கவாட்டுத் தோற்றங்களையும் பீடத்தையும் படமெடுத்து, உயரம், கோயிலின் பெயர், எடுத்த நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பதே பிற்காலத்தில் சான்றாகும். ஸ்ரீபுரந்தான் வழக்கில் ஒளிப்படத்துக்கு ஈடாகப் பயன்பட்டது அது எடுக்கப்பட்ட ஆண்டின் குறிப்பாகும்.