‘சந்திரகாந்தா’ நாடகமும் பாட்டு மேடையும்

அச்சில் பரவலாக வாசிக்கப்பட்ட எள்ளல் நாவல் ஒன்று பாட்டும் ஆர்மோனியமும் சேர்ந்த மேடை நாடகமாக மாறியதற்குத் தமிழில் முன்வரிசை எடுத்துக்காட்டு ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘சந்திரகாந்தா’. 1920களில் எம். கந்தசாமி முதலியார் இதை நாடகமாக்கினார். மடாதிபதி ஒருவரின் ஒழுக்கக்கேட்டை நகையாடும் கதை இது. புராண நாடகங்களில் ஊறியிருந்த பார்வையாளர் முன் இதுபோன்ற கதைகள் வந்தபோது ஒரு பழைய கேள்வி கூர்மையடைந்தது: நாடகம் பார்ப்பது பாட்டுக்காகவா, கதைக்காகவா? மதுரையிலிருந்து புறப்பட்ட பாய்ஸ் கம்பெனிகள் அதற்கு ஒரு விடை சொல்லின. அதே மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடியிலிருந்த தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் கிராம மேடைகளில் வேறொரு விடை நிலைத்தது.

பாட்டுக்கு வந்த கூட்டம்

தேனி மாவட்டம் 1997இல்தான் தனியாக உருவானது. அதற்கு முன் பெரியகுளமும் உத்தமபாளையமும் மதுரை மாவட்டத்தின் பகுதிகள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைச்சல் பெருகியது. போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையாக வளர்ந்தது. 1928இல் மதுரை – போடி ரயில் பாதை வந்தது. அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் மாதங்களில் அம்மன் கோயில் திருவிழாக்கள் வரும். திருவிழா என்றால் இரவு நாடகம் இருக்கும்.

அந்த மேடைக்கு உரிய பனுவல்களில் பெரும்பகுதியை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய நாடகங்கள் அவர் வழியாகவே ஊர் ஊராகப் பரவின. இவற்றின் கதை பார்வையாளர் அனைவருக்கும் முன்பே தெரியும். முருகன் வள்ளியை மணப்பான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆகவே கூட்டம் காத்திருந்தது கதை முடிவுக்காக அல்ல, பாடகரின் குரலுக்காகவும் தர்க்கப் பாட்டுக்காகவும்தான். பிடித்த பாட்டு முடிந்ததும் ‘ஒன்ஸ்மோர்’ குரல் எழும். நடிகர் மீண்டும் பாடுவார், கதை அங்கேயே நிற்கும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் (1906–1933) கே.பி. சுந்தராம்பாளும் பெற்ற புகழ் இந்த ரசனையின் உச்சம்.

இதற்கு எதிர்த்திசையில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியிருந்தார். வக்கீல்களும் அலுவலர்களும் நடித்த அந்தச் சபையில் உரையாடலுக்கு முதலிடம், பாட்டு குறைவு. நாடகத்தைப் படித்தவர்களின் கௌரவமான கலையாக மாற்றியது அவருடைய சாதனை. ஆனால் அந்த மாற்றம் நெடுங்காலம் நகரத்து அரங்குக்குள்ளேயே இருந்தது.

நாவல் மேடைக்கு வந்த வழி

ரங்கராஜு (1875–1959) துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்றவர். ராஜாம்பாள், மோகனசுந்தரம், ஆனந்தகிருஷ்ணன், ராஜேந்திரன் ஆகியவை அவருடைய பிற நாவல்கள். துப்பறிவாளர் கோவிந்தன் அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பாத்திரம். விறுவிறுப்புக்காக வாசிக்கப்பட்ட இந்நாவல்களுக்குள் சமூகக் கண்டனமும் இருந்தது. வரதட்சணை, பொருந்தா மணம், பணக்காரர் வீட்டுப் பித்தலாட்டம் எல்லாம் துப்பறியும் கதையின் மறைவில் விமர்சிக்கப்பட்டன. ‘சந்திரகாந்தா’வில் அந்த விமர்சனம் மறைவின்றி மடத்துக்குள் நுழைந்தது. நாவலின் இலக்கியத் தரம் பற்றி இன்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் துணிவு பற்றிச் சொல்லலாம்.

கந்தசாமி முதலியார் நடிகர் எம்.கே. ராதாவின் தந்தை. பம்மலின் நாடக முறையை அறிந்தவர், பாய்ஸ் கம்பெனிகளில் ஆசிரியராக இருந்தவர். சென்னைச் சபையின் உரைநடை நாடக ஒழுங்கை மதுரைச் சிறுவர் கம்பெனிகளின் பாட்டு மேடைக்குள் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்லலாம். ரங்கராஜுவின் நாவல்களை அவர் வரிசையாக நாடகமாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய பால சண்முகானந்த சபையும் அவரிடம் பயின்றது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாவலும் இவ்வாறே மேடைக்கு வந்தது. அவ்வை சண்முகம் தம் தன்வரலாறான ‘எனது நாடக வாழ்க்கை’யில் கந்தசாமி முதலியாரின் பயிற்சி முறையை நன்றியோடு நினைவுகூர்கிறார்.

மேடையில் பல பொருட்கள் மாறின. கிரீடமும் புஜகீர்த்தியும் போய் அங்கவஸ்திரமும் கோட்டும் வந்தன. காட்டுத் திரை, அரண்மனைத் திரை இருந்த இடத்தில் வீட்டுக் கூடமும் கச்சேரியும் வரையப்பட்டன. வசனத்தை நெட்டுருப் போட்டால் மட்டும் போதாது, எதிரில் நிற்பவரைப் பார்த்துப் பேசவும் வேண்டும் என்ற பயிற்சி வந்தது. ஆனாலும் பாட்டு மேடையை விட்டுப் போகவில்லை. பாட்டே இல்லாத நாடகத்துக்குச் சீட்டு விற்க எந்தக் கம்பெனி முதலாளியும் துணிந்திருக்க மாட்டார்.

இந்த மாற்றத்துக்கு ரசனை மட்டும் காரணமில்லை. சிறுவர் கம்பெனிகளின் மூலதனம் சிறுவர்களின் குரல். பதின்ம வயதில் ‘மகரக்கட்டு’ வந்து குரல் உடைந்தால் நேற்றுவரை கதாநாயகனாகப் பாடிய பையன் இன்று துணை வேடத்துக்குத் தள்ளப்படுவான். பி.யு. சின்னப்பாவுக்கும் அந்தச் சோதனை வந்தது. உரையாடலை நம்பிய நாவல் நாடகம், குரல் உடைந்த நடிகனுக்கும் மேடையில் இடம் கொடுத்தது. நாடக வரலாற்று நூல்களில் அதிகம் பேசப்படாத செய்தி இது.

எள்ளலும் பாட்டும்

பாட்டு நாடக ரசிகரின் குறையில் நியாயம் இருந்தது. குடும்பக் கதையில் வரும் வக்கீலோ போலீஸ்காரரோ நடுவில் ராகம் இழுப்பது பொருந்தாது. பொருந்தாது என்று பாட்டை எடுத்துவிட்டால் இரவு முழுவதும் உட்கார வைப்பது எது? மறுபக்கம், சீர்திருத்தக் கதையை விரும்பியவர்களுக்குப் பாட்டே இடையூறு. கேலி உறைக்க வேண்டிய இடத்தில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் கேலி கரைந்துவிடும். 1930களில் ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதிய கல்கி, இசையையும் நாடகத்தையும் பற்றி வாசகர் வாதாடுவதை ஒரு பொதுப் பழக்கமாகவே ஆக்கினார்.

எள்ளல் நாவலைப் பாட்டு நாடகமாக்கும் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. வால்டேர் 1759இல் எழுதிய ‘கேண்டீட்’ நாவல், லியோனார்ட் பெர்ன்ஸ்டைனின் இசையில் 1956இல் நியூயார்க்கில் மேடையேறி 73 காட்சிகளோடு நின்றுபோனது. இசையை எல்லோரும் புகழ்ந்தனர். நாவலின் கேலி மேடையில் கனத்துவிட்டது என்பது குறையாக இருந்தது. 1970களில் வசனத்தைப் புதிதாக எழுதிய பிறகுதான் அது பிழைத்தது.

தமிழ் மேடை கண்ட தீர்வு வேறு. எள்ளலின் சுமை நகைச்சுவை நடிகரின் தோளில் ஏறியது. 1936இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் ‘சந்திரகாந்தா’ திரைப்படமானபோது மடாதிபதியாக நடித்தவர் காளி என். ரத்தினம். ‘கோவலன்’ நாடகத்தில் காளி வேடமிட்டதால் அந்த அடைமொழி பெற்றவர். சின்னப்பாவும் அப்படத்தில் நடித்தார். முந்தைய ஆண்டு வெளிவந்த ‘மேனகா’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்களுடன் என்.எஸ். கிருஷ்ணன் திரைக்கு அறிமுகமானார். நாவல் நாடகங்கள் வளர்த்த நகைச்சுவை நடிகர்களைச் சினிமா அப்படியே எடுத்துக்கொண்டது.

பள்ளத்தாக்கில் நிலைத்தது

சினிமா வளர வளரக் கம்பெனிகள் கலைந்தன. அவற்றோடு நாவல் நாடகங்களும் மறைந்தன. ‘சந்திரகாந்தா’வை நடத்த ஒரே குழு, பல நாள் ஒத்திகை, குறிப்பிட்ட திரைகள், வாத்தியார் எல்லாம் வேண்டும். ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் கிராம நாடகத்துக்கு இவை தேவையில்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் என ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்படுவர். வெவ்வேறு ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, ஒத்திகை இல்லாமலே அன்றிரவு மேடையேறுவர். சங்கரதாஸ் சுவாமிகளின் பனுவல் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் இது முடிகிறது. பழமை என்று பரிகசிக்கப்பட்ட வடிவம் பிழைத்ததற்குப் பக்தியைவிட இந்த ஏற்பாடே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

கம்பெனி மேடையின் பயன் இப்பகுதிக்கு வேறு வழியில் வந்தது. சேடபட்டியில் பிறந்து டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் வளர்ந்த எஸ்.எஸ். ராஜேந்திரன் 1962இல் தேனித் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளுக்குப் பாட்டுக் கட்டினார். பாட்டிலேயே எதிரணியைக் கேலி செய்யும் கலை அவரிடம் இருந்தது. அவருடைய தம்பி இளையராஜா இசை பழகியதும் அந்த மேடைகளில்தான்.

எள்ளல் நாவலின் வேலையைக் கிராம மேடையில் செய்தவர் பபூன். இரவு பத்து மணியளவில் அவர் தனியாக வந்து நிற்பார். பாடுவார், பேசுவார், அவையடக்கம் சொல்லிக்கொண்டே ஆளைக் கிண்டல் செய்வார், பிறகு நடனக்காரியுடன் வாக்குவாதம் செய்வார். அச்சிட்ட வசனம் எதுவும் அவருக்கு இல்லை. நள்ளிரவை ஒட்டி அவர் ஒதுங்கிய பிறகே வள்ளி தினைப்புனத்துக்கு வருவாள், நாரதரோடு தர்க்கம் தொடங்கும்.