தேதி கேட்டா ஊரைப் பார்த்துப் பதில் சொல்லும் வேரியபிள்

திருவண்ணாமலையில இருந்து இன்னொரு எபிசோட். விண்டோஸ்ல சிஎம்டி-ங்கிற கறுப்புத் திரை இருக்கே, அதுக்குள்ள நாம எதுவும் செய்யாமலே சில வேரியபிள்கள் தயாரா இருக்கும். டேட், டைம், பாத், எரர்லெவல்... பேருக்கு முன்னும் பின்னும் பர்சென்ட் குறி போட்டா மதிப்பு வந்துடும். இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சு?

தொடக்கம் யூனிக்ஸ். 1979-ல் வந்த ஏழாம் பதிப்புல, ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கும்போது பெயர்-மதிப்பு ஜோடிகள் அடங்கிய ஒரு பட்டியலையும் கையில கொடுத்து அனுப்பும் வழக்கம் வந்தது. இதுதான் என்விரான்மென்ட். கொடுக்கிறது நகல்தான். பிள்ளை அதில் என்ன திருத்தினாலும் தாய்க்குத் தெரியாது.

1983-ல் எம்எஸ்-டாஸ் 2.0 இந்த யோசனையை பிசிக்குக் கொண்டு வந்தது. அப்போ முக்கியமான ஒன்று காம்ஸ்பெக். நினைவகம் ரொம்பச் சின்னது. பெரிய புரோகிராம் ஓடினா கமாண்ட் டாட் காம்-ஓட ஒரு பகுதியையே அழிச்சுட்டு அந்த இடத்துல உட்காரும். அது முடிஞ்சதும் ஷெல்லை மறுபடி எந்த டிஸ்க்ல இருந்து எடுக்கணும்னு டாஸுக்குச் சொன்னது காம்ஸ்பெக்தான்.

இதுவரைக்கும் எல்லாமே எழுதி வச்ச மதிப்பு. தேதி அப்படி இல்லையே, தினமும் மாறுமே! டாஸ்ல டேட் கமாண்டை அடிச்சா தேதியைக் காட்டிட்டு, புதுத் தேதி என்னன்னு கேட்டு நிற்கும். அதுல இருந்து தேதியை உருவி எடுக்க ஆளுக்கொரு குறுக்கு வழி வச்சிருந்தாங்க.

2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வந்தது. சிஎம்டி-யில டேட், டைம், சிடி, ரேண்டம் எல்லாம் கேட்கிற நொடியில் கணக்கிடப்படும் வேரியபிள்களா வந்தன. செட்-னு அடிச்சா வர்ற பட்டியல்ல இதுங்க இருக்காது. ஏன்னா எங்கயும் எழுதி வைக்கப்படல.

சிக்கலும் இங்கதான். நம்ம ஊர்ல தேதி கிழிக்கிற காலண்டரைப் பாருங்க, ஒரே தாள்ல தமிழ் மாசத் தேதி, இங்கிலீஷ் தேதி ரெண்டும் இருக்கும். 'இன்னைக்கு என்ன தேதி?'ங்கிற கேள்விக்கு எந்தக் கணக்குல கேட்கிறீங்கன்றதைப் பொறுத்துத்தான் பதில். டேட் வேரியபிளும் அப்படியே. கன்ட்ரோல் பேனல்ல இருக்கிற ரீஜன் அமைப்பைப் பார்த்துட்டுத்தான் பதில் சொல்லும். 2000 ஏப்ரல் 7-ஐ இந்திய அமைப்பு 07-04-2000 என்று காட்டும். அமெரிக்க அமைப்பு அதையே Fri-க்கு இணையான கிழமைச் சுருக்கத்தோட, மாசத்தை முன்னால வச்சு, நடுவுல சாய்கோடு போட்டுக் காட்டும்.

தேரடித் தெருவுல ஒரு பாத்திரக் கடைன்னு வச்சுக்கோங்க. ராத்திரி கடை சாத்தினதும் பில் கணக்கை நகல் எடுக்க ஒரு பேட்ச் ஃபைல், ஃபைல் பேர்ல டேட் வேரியபிள். இந்திய அமைப்புல வருஷக்கணக்கா ஓடும். புது கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்போட வந்தா? ஃபைல் பேர்ல சாய்கோடு வைக்க முடியாது. நகல் எடுக்கிற வரி தோற்கும், ஆனா ஸ்கிரிப்ட் நிற்காம அடுத்த வரிக்குப் போயிடும். திரையும் மூடிடும். கார்த்திகை தீப சீசன்ல டிஸ்க் போச்சுன்னா, நகல் இருக்குன்னு நம்பின ஃபோல்டர் காலியா இருக்கும்.

இதுக்குக் காவல் எரர்லெவல். பெரும்பாலான கமாண்டுகள் நல்லபடியா முடிஞ்சா அதுல 0 இருக்கும். ஒவ்வொரு முக்கிய வரிக்கும் பிறகு அதைப் பாருங்க. ஆனா எரர்லெவல்-ங்கிற பேர்ல நீங்களே செட் கமாண்ட்ல மதிப்பு கொடுத்துடாதீங்க. கொடுத்தா உங்க மதிப்புதான் வரும், உண்மையானது மறைஞ்சுடும். டேட்டுக்கும் இதே விதி.

தேதிக்கு வழி? 1988-ல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரம் வருஷம், மாசம், நாள்னு வரிசை வைக்குது. பவர்ஷெல்லோட கெட்-டேட்-கிட்ட இந்த வடிவத்தைக் கேட்டு வாங்கினா, ரீஜன் இந்தியாவா இருந்தாலும் அமெரிக்காவா இருந்தாலும் ஃபைல் பேர் ஒண்ணுதான். பேர் வரிசையே தேதி வரிசையாவும் அமையும்.

விண்டோஸ் 2000 எழுதினவங்க தப்பு பண்ணல. திரையில மனுஷன் படிக்கிறதுக்கு அவங்கவங்க ஊர் வழக்கப்படி தேதி காட்டுறது மரியாதைதான். அதையே ஃபைல் பேருக்கு நாம எடுத்தப்போதான் சிக்கல் வந்தது. உங்க கடையிலயோ ஆபீஸ்லயோ பழைய பேட்ச் ஃபைல் ஓடுதுன்னா, இன்னைக்கே நகல் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.