பெயர் சொல்லி அழைக்கும் வழி பிறந்த கதை

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டெஸ்பாட்ச் ஆபீசை எடுத்துக்கொள்ளுங்கள். புது லேப்டாப்பில் ஆபீஸ் 2016. எக்செலில் இருக்கும் ஷெட்யூலை அவுட்லுக் வழியாக மெயில் போட அதில் ஒருவர் மேக்ரோ எழுதுகிறார். ஸ்டோர்ஸில் இருப்பதோ ஆபீஸ் 2010. அங்கே பட்டனைத் தட்டினால் மேக்ரோ நின்றுவிடும். அதுவும் லெஃப்ட், டேட் போன்ற, அவுட்லுக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கட்டளையில் போய் நிற்கும். டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்சஸைத் திறந்தால்தான் விஷயம் தெரியும்: அவுட்லுக் 16.0 லைப்ரரிக்கு முன்னால் 'மிஸ்ஸிங்' என்றிருக்கும். அந்தக் கணினியில் உள்ளது 14.0.

இதற்கான மருந்து முப்பது வருடங்களுக்கு முன்பே பிறந்துவிட்டது, வேறொரு காரணத்துக்காக. எக்செலின் பழைய மேக்ரோ மொழிக்குப் பதிலாக பேசிக் மொழியைக் கொண்டுவரும் பொறுப்பு மைக்ரோசாஃப்டில் ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இளைஞரிடம் வந்தது. ஏறத்தாழ 500 பக்கத்துக்கு அவர் எழுதிய வரைவை 1992-இல் பில் கேட்ஸே படித்து, ஓரமெல்லாம் குறிப்பெழுதி, கேள்விகளோடு வந்து உட்கார்ந்தார். பேசிக் குழுவிடம் ஸ்போல்ஸ்கி கேட்டு வாங்கியவற்றில் ஒன்று லேட் பைண்டிங், அதாவது வகையை முன்கூட்டியே சொல்லாமல், ஓடும்போது பெயர் சொல்லி அழைப்பது. முதலில் போட்ட வடிவமைப்பில், மேக்ரோ எழுதுகிறவர் ஒவ்வொரு பொருளின் வகையையும் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. கணக்குப் பார்க்கிறவருக்கு அது எதற்கு என்று அவர் நினைத்தது நியாயம்தான். 1993-இல் எக்செல் 5-உடன் அந்த பேசிக் மொழி வி.பி.ஏ. என்ற பெயரில் வந்தது.

ஸ்டோர்ஸ் மேக்ரோவுக்கும் அதே லேட் பைண்டிங்தான் மருந்து. அவுட்லுக்குக்கான மாறியை ஆப்ஜெக்ட் என்று மட்டும் அறிவித்து, கிரியேட்ஆப்ஜெக்டில் பதிப்பு எண் இல்லாமல் 'அவுட்லுக்.அப்ளிகேஷன்' என்று கேட்டால், அந்தக் கணினியில் எது இருக்கிறதோ அது வரும். ஓடும்போதே மேக்ரோ 'சென்ட்' என்ற பெயரைச் சொல்லும், அவுட்லுக் அதற்குரிய எண்ணைத் திருப்பித் தரும், அந்த எண்ணைக் கொண்டு வேலை நடக்கும். ரெஃபரன்ஸே தேவையில்லை.

ஆனால் லைப்ரரியோடு அதன் மாறிலிப் பெயர்களும் போய்விடும். மெயிலை மிக முக்கியம் என்று குறிக்கும் ஓஎல்இம்பார்ட்டன்ஸ்ஹை என்பதன் மதிப்பு 2. ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் இல்லாத மேக்ரோவில் அந்தப் பெயர் வெறும் காலி மாறி, அதாவது 0. லைன் நிற்கப்போகிறது என்ற அவசர மெயில், முக்கியத்துவம் குறைந்தது என்ற அடையாளத்தோடு போகும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. அதனால் ரெஃபரன்ஸ் வைத்தே எழுதிச் சரிபார்த்து, ஸ்டோர்ஸுக்குக் கொடுக்கும் முன் அதை எடுத்துவிட்டு, மாறிலிகளை எண்ணாகவே எழுதி, ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் போட்டு, டீபக் மெனுவில் ஒருமுறை கம்பைல் செய்துவிடுங்கள்.