செங்கற்பட்டு உரிமச் சீட்டு முதல் காவல் நிலையக் கையெழுத்து வரை

முட்டுக்காடு பாலத்தில் காலையில் நின்றால், காயலில் இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களைப் பார்க்கலாம். தெற்கே கோவளம் குப்பத்தில் அதே நேரத்தில் ஃபைபர் படகுகள் கரையேறி, மணலிலேயே மீன் ஏலம் நடக்கும். இந்தக் கரையிலிருந்து ஒருவர் ஆயுள் தண்டனை பெற்றுப் புழல் மத்தியச் சிறைக்குப் போகிறார் என்று கொள்வோம். மூன்று ஆண்டுகள் கழிந்தபின் அவர் சாதாரண விடுப்பு கேட்கலாம். பேச்சு வழக்கில் இதைத்தான் பரோல் என்கிறோம். எந்தக் காரணத்துக்காகக் கேட்கலாம் என்பதை 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின் 20ஆம் விதி அடுக்குகிறது: குடும்பப் பிழைப்புக்கு ஏற்பாடு, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தல், வீட்டைக் கட்டுதல் அல்லது பழுதுபார்த்தல், கல்யாணம், பாகப்பிரிவினை, விதைப்பு அறுவடை போன்ற வேளாண் வேலை, பிற அசாதாரணக் காரணங்கள்.

வயலுக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இருக்கிறது. வலைக்கும் படகுக்கும் இல்லை. கடல் தொழில் செய்பவர் ‘பிழைப்பு’ என்ற பொதுச் சொல்லிலோ கடைசி வரியிலோ தம்மை நுழைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைச் சிறு விடுபாடு என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. வெளியே விடப்படுபவர் யாரிடம் போகிறார், என்ன வேலைக்குப் போகிறார் என்ற கேள்வியை இதே செங்கற்பட்டு மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் கேட்டிருக்கிறது. அந்தக் கேள்வி எப்படித் தேய்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கொளவாய் ஏரியை ஒட்டிய செங்கற்பட்டுக் கோட்டைக்குள் 1887இல் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. அதற்கு முதலில் அடிப்படையாக இருந்தது 1876ஆம் ஆண்டுச் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம். அதன் இடத்தில் 1897இல் புதிய சட்டம் வந்தது. இந்த 1897 சட்டத்தின் 18ஆம் பிரிவு நின்று படிக்க வேண்டிய ஒன்று. பதினான்கு வயது நிறைந்த சிறுவனைப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஓர் உரிமச் சீட்டு எழுதி வெளியே அனுப்பலாம். நம்பத்தகுந்த ஒருவரின் பெயர் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். சிறுவனை ஏதேனும் ஒரு தொழிலில் அமர்த்தி வைத்திருப்பது அவர் பொறுப்பு. சீட்டு மூன்று மாதத்துக்கு மட்டுமே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். வேலை கொடுத்தவர் இறந்தாலோ தொழிலை விட்டாலோ சீட்டு செல்லாது. அவர் சிறுவனைக் கொடுமைப்படுத்தினாலும் சீட்டை ரத்து செய்யலாம்.

காலனிய அரசின் கருணை என்று இதைக் கொண்டாட முடியாது. கூலி பேசும் நிலையில் இல்லாத ஒரு சிறுவனை முதலாளியிடம் ஒப்படைக்கும் சட்டம் இது. ஆனாலும் கண்காணிப்பின் பாரம் இரண்டு பக்கமும் விழுந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுவனோடு சேர்ந்து, அவனை ஏற்றுக்கொண்டவரும் கணக்குக்கு உட்பட்டார்.

இந்தச் சீட்டு முறைக்குக் கடல் தாண்டிய முன்வரலாறும் உண்டு. சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நன்னடத்தையோடு தண்டனைக் காலத்தைக் கழித்தவர் படிப்படியாக மேல் வகுப்புக்கு ஏறி, கடைசியில் விடுப்புச் சீட்டு பெற்று, ஊருக்குள் சொந்தமாகத் தொழில் செய்தார். அங்குள்ள புனித அந்திரேயா பேராலயத்தை எழுப்பியது இந்தியக் கைதிகளின் உழைப்பு. அதே காலத்தில், 1840இல், நார்ஃபோக் தீவுச் சிறைக்குப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் மெக்கோனாக்கி கைதிகளுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார். மேலைநாட்டு பரோல் வரலாறுகள் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் தொடங்கும். சிங்கப்பூரில் சாலை போட்ட நம் ஆட்களையும் அந்த முதல் அத்தியாயத்தில் சேர்க்க வேண்டும்.

சீட்டு முறைக்குப் பக்கத்திலேயே வேறொரு முறையும் வளர்ந்தது. சென்னை மாகாணத்தில் நடப்புக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர்களும் கைரேகை பதித்து, குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் உயிர் கொடுத்து எதிர்த்தது இதைத்தான். இங்கே வேலையும் இல்லை, பொறுப்பேற்பவரும் இல்லை. ஆள் இருக்கிறானா என்ற கணக்கெடுப்பு மட்டும் இருந்தது. இந்த மாகாணத்தில் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. ஆனால் காவல் நிலையப் பதிவேட்டில் ஆளைத் தேடும் பழக்கம் அதோடு போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நல்ல மாற்றம் ஒன்றும் இடையில் வந்தது. 1936இல் சென்னை மாகாணம் தனக்கென நன்னடத்தைச் சட்டம் இயற்றியது. 1958இல் நாடு முழுமைக்கும் அத்தகைய சட்டம் வந்தது. நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம் என்பது அதன் சாரம். மேற்பார்வை ஓராண்டுக்குக் குறையக் கூடாது. விடப்பட்டவருக்கு வேலை தேட உதவுவதும் அந்த அலுவலரின் கடமைகளில் ஒன்று. 18ஆம் பிரிவின் நல்ல பாதி இங்கே தப்பிப் பிழைத்தது.

1982 விதிகளிலும் நன்னடத்தை அலுவலர் வருகிறார். விடுப்பு மனு அவரிடம் விசாரணைக்குப் போகிறது. ஆனால் சிறைவாசி வெளியே வந்த பிறகு அவரது நாளை ஆள்வது பெரும்பாலும் காவல் நிலையம்தான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனுக்கு 26 ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டில்தான் முதல் விடுப்பு கிடைத்தது. ஜோலார்பேட்டை வீட்டைச் சுற்றிப் போலீஸ் காவல் நின்றது. 2019 ஜூலையில் அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட நளினி உயர் நீதிமன்றத்தில் தாமே வாதாடி, மகளின் கல்யாண ஏற்பாட்டுக்காக ஒரு மாதம் பெற்றார். கல்யாணம் விதியிலேயே இருக்கும் காரணம். அதற்கும் வழக்காட வேண்டியிருந்தது.

தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவிக்கும் முன்விடுதலையின் கதை வேறு. ஆயுள் கைதிகளில் குறிப்பிட்ட வகையினர் குறைந்தது 14 ஆண்டுகள் உள்ளே இருக்க வேண்டும் என்று 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433அ பிரிவு வந்தது. 1980இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, அரசியலமைப்பின் 161ஆம் பிரிவு ஆளுநருக்குத் தரும் அதிகாரம் தனியாக நிற்கிறது என்றும் சொன்னது. அந்த வாசல் வழியாகத்தான் 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி 1,405 ஆயுள் கைதிகள் விடுதலையானார்கள். 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கும் அரசாணை வந்தது. இத்தனை பேர் வீடு திரும்பியதை நான் மனமார வரவேற்கிறேன். என் கவலை வேறு: தலைவரின் பிறந்தநாளில் திறக்கும் கதவுக்கு வெளியே யார் காத்திருக்கிறார், என்ன வேலை வைத்திருக்கிறார் என்று கேட்கும் 18ஆம் பிரிவு போன்ற ஒன்று அங்கே இல்லை.

2023இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சிறைச் சட்டம், மின்னணுக் கண்காணிப்புக் கருவி அணியச் சம்மதிப்பவருக்கு விடுப்பு தரலாம் என்கிறது. ரேகைப் பதிவேடு இப்போது கணுக்காலுக்கு வந்திருக்கிறது. அதே ஆண்டு ஜனவரியில், கோவா விதிகள் பற்றிய வழக்கில், முன்விடுதலைக்கான 14 ஆண்டைக் கணக்கிடும்போது பரோல் நாட்களைச் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘தினமும் காலை பத்தரை மணிக்கு’ என்ற வாசகம் பிணை உத்தரவுகளில் பழகிப்போனது. இந்தக் கரையில் விடுப்பில் வந்தவருக்கும் அப்படியொரு நேரம் குறிக்கப்பட்டால், இருட்டோடு வலைக்குப் போய் வந்தவர் ஏலம் முடியும் முன்பே பங்கைத் தம்பியிடம் விட்டுவிட்டு நிலையத்துக்கு ஓட வேண்டும். 20ஆம் விதியில் ‘விதைப்பு, அறுவடை’ என்பதன் பக்கத்தில் ‘மீன்பிடித் தொழில்’ என்று சேர்க்கலாம். கையெழுத்தை மாலைக்கு மாற்றலாம். ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தைப் பொறுப்பாளராக ஏற்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சங்கத்திடமும் நன்னடத்தை அலுவலர் கணக்குக் கேட்கலாம்.