இரும்பை வென்ற எண்ணம்

அணுவின் கருவைத் துளைத்துப் பார்க்க உளி உதவாது, சம்மட்டி உதவாது. அணுவினும் சிறிய துகளையே எறிபடையாக்கி, ஒளியின் வேகத்தை நெருங்குமளவு விரட்டி, மோதவிடவேண்டும். விரையும் துகளோ நேர்கோட்டிலே பறந்துவிடத் துடிக்கும். அதனைத் திருப்பி, வட்டத்திலே சுழலவைக்கும் கடிவாளந்தான் மின்காந்தம்.

1931-ல் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரிலே லாரன்சும் அவர் மாணவர் லிவிங்ஸ்டனும் இயக்கிக் காட்டிய சைக்ளோட்ரான் உள்ளங்கையளவே இருந்தது. 1954-ல் அதே ஊரில் எழுந்த பெவட்ரானின் காந்தமோ ஏறக்குறைய 10,000 டன்! 1957-ல் சோவியத் நாட்டின் தூப்னாவில் இயங்கத் தொடங்கிய பொறியின் காந்தம் 36,000 டன்! துகள்களுக்கு அது ஊட்டிய ஆற்றல் 1,000 கோடி எலக்ட்ரான் வோல்ட்.

கண்ணுக்குத் தெரியாத துகளுக்கு மலையளவு இரும்பு ஏன்? லட்சக்கணக்கான சுற்றுகள் ஓடும்போது துகள்கள் தடத்தைவிட்டு இப்புறமும் அப்புறமும் அலைந்தன. அவற்றை நெருக்கிப் பிடிக்கும் வலிமை அன்றைய காந்த அமைப்புக்கு இல்லை. ஆகவே பாதையை அகலமாக்கினர். தூப்னாவின் குழாயிலே ஆளே தவழ்ந்து செல்லலாம்! அகன்ற பாதைக்கு அகன்ற காந்தம். அகன்ற காந்தத்துக்கு மேலும் இரும்பு. ஆற்றலை இன்னும் பெருக்க எண்ணியவர்கள் இரும்பின் கணக்கைக் கண்டு மலைத்தனர்.

மாற்றுவழி ஒருவர் உள்ளத்திலே முன்பே உதித்திருந்தது. அவர் நிக்கோலஸ் கிறிஸ்டோபிலாஸ். 1916-ல் பாஸ்டனில் பிறந்து, கிரேக்க நாட்டிலே வளர்ந்து, பொறியியல் பயின்று, ஏதென்ஸ் நகரிலே மின்தூக்கி நிறுவும் தொழிலில் இருந்தவர். அணு இயலைத் தாமே நூல்களிலிருந்து கற்றவர். அவர் கண்ட வழி இது: ஒரு காந்தம் துகள்களைப் பக்கவாட்டில் நெருக்கி மேல்கீழாகப் பரப்பட்டும், அடுத்த காந்தம் அதற்கு நேர்மாறாகச் செய்யட்டும். இப்படி மாறிமாறி அடுக்கினால், முடிவிலே இரு திசையிலும் நெருக்கமே மிஞ்சும்!

1950-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், பெர்க்கிலிக்கும் எழுதினார். எவரும் பொருட்படுத்தவில்லை. மின்தூக்கிக்காரருக்கு அணுவைப்பற்றி என்ன தெரியும்?

1952-ல் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்திலே கூரன்ட், லிவிங்ஸ்டன், ஸ்னைடர் என்ற மூவர் அதே முடிவைத் தாமாகவே கண்டறிந்து வெளியிட்டனர். விஞ்ஞான உலகம் வியந்தது. கிறிஸ்டோபிலாஸ் தம் பழைய விண்ணப்பத்துடன் வந்தார். அந்த அறிஞர்கள் மறுத்தார்களா? மறைத்தார்களா? இல்லை! அவரே முன்னவர் என்பதை 1953-ல் அச்சிலே ஒப்புக்கொண்டனர். அதே ஆய்வுக்கூடம் அவருக்குப் பணியும் தந்தது.

விளைவு? 1959 நவம்பரில் ஜெனீவாவின் செர்ன் கூடத்திலே புதிய பொறி சுழன்றது. 628 மீட்டர் வட்டம், 100 காந்தங்கள், பாதையின் அகலம் ஒரு சாணுக்கும் குறைவு. தூப்னாவின் இரும்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் கொண்டே 2,400 கோடி எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியது! அதே ஊரிலே 2008-ல் இயங்கத் தொடங்கிய 27 கிலோமீட்டர் வளையமும் அந்தத் தத்துவத்தின்மீதுதான் நிற்கிறது.

தோழர்களே, இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உண்டு. சொன்னவர் யார், அவர் தொழில் என்ன என்று பார்த்துக் கருத்தை ஒதுக்கியதால் அறிவுலகம் இரண்டாண்டுகளை இழந்தது. உண்மை வெளிப்பட்டபோது தலைவணங்கியதால் அது தன் மானத்தைக் காத்துக்கொண்டது. யார் சொன்னது என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, சொன்னது சரியா என்று சோதிப்போம். தூக்கிப் பார்த்து எடைபோட, கருத்து இரும்பல்லவே!